மழலைக்கும் அலகுண்டு



காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்துக் குழந்தையைப் பாடியது பிள்ளைத்தமிழ். ஆயினும் அங்கே பேசுவோர் பிறரே. பாட்டுடைக் குழந்தை பேசுவதில்லை. மழலையைக் கேட்டு மகிழ்வது ஒன்று. அம்மழலைக்குள் இலக்கணம் எவ்வளவு முளைத்துள்ளது என அளப்பது வேறொன்று. அவ்வாறு அளப்பதற்கு உரிய கோல் எது என்பதே இவ்வுரையின் பொருள்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ரோஜர் பிரவுன் குழந்தைகள் மூவரின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கினார். ஆடம், ஈவ், சாரா என்பன அவர்களுக்கு இடப்பெற்ற புனைபெயர்கள். ஆய்வின் பயன் 1973இல் ‘முதல் மொழி’ எனப் பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று. குழந்தை இயல்பாகப் பேசும் 100 கூற்றுகளை எடுத்து, அவற்றிலுள்ள உருபன்களை, அஃதாவது பொருள் தரும் மிகச் சிறிய உறுப்புகளை எண்ணி, 100ஆல் வகுப்பது அவர் கையாண்ட முறை. உருபன்கள் 260 எனில் சராசரி 2.6. ஈவ் மற்ற இருவரையும்விட மிக இளம் வயதிலேயே உயர்ந்த சராசரியை எட்டினாள். இலக்கண வளர்ச்சிக்கு வயதைக் காட்டிலும் இச்சராசரியே நல்ல அடையாளம் என்பது பிரவுன் கொண்ட முடிவு.

சீரை அசையாகப் பிரித்து அலகிடும் கவிஞர்களுக்கு இம்முறை விளங்குவது எளிது. வெண்பாவை வேற்றுமொழி யாப்பால் அலகிடலாகாது என்பதும் அவர்கள் அறிந்ததே. குழந்தையின் பேச்சுக்கும் அது பொருந்தும்.

‘அம்மா வந்தாங்க’ என்று ஒரு குழந்தை சொல்கிறது. சொற்கள் இரண்டு. நன்னூல் கற்றவர் இவ்வினையைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரிப்பர். ஆக உருபன்கள் நான்கு. இதே கருத்தை ஆங்கிலக் குழந்தையும் இரண்டு சொற்களால் உரைக்கும். ஆனால் ‘கேம்’ போன்ற ஒழுங்கற்ற இறந்தகால வினையைப் பிரவுன் ஒரே உருபனாகக் கொண்டதால் அங்கே எண்ணிக்கை இரண்டே. இதனால் தமிழ்க் குழந்தை இருமடங்கு வளர்ந்ததாகாது. ‘வந்தேன்’ என்னும் ஒற்றைச் சொல்லோடு நிற்கும் குழந்தை பின்தங்கியதும் ஆகாது; வினை, காலம், தன்மை மூன்றும் அச்சொல்லில் உள. ஒரு மொழியில் பெற்ற எண்ணை அம்மொழிக் குழந்தைகளின் எண்ணோடு மட்டுமே ஒப்பிடல் வேண்டும்.

எண்ணுவதற்கு முன் மற்றொரு வினா எழும்: குழந்தை அவ்வுறுப்புகளைத் தானே சேர்த்ததா, முழுச் சொல்லாகப் பிடித்துக்கொண்டதா? ‘சாப்பிடமாட்டேன்’ என்பது மறுப்புக்குரிய ஒரே ஒலியாகவே முதலில் வந்திருக்கலாம். ‘தூங்கமாட்டேன்’ என்றும் ‘பாப்பா சாப்பிடமாட்டா’ என்றும் அதே வாய் மாற்றிச் சொல்லும் நாளில்தான் பகுதியும் விகுதியும் அதன் உடைமையாயின எனலாம்.

இதனைச் சோதிக்க ஜீன் பெர்கோ 1958இல் ஒரு வழி கண்டார். பறவை போன்றதோர் உருவத்தைக் காட்டி, அதற்கு ‘வக்’ என்னும் பொருளற்ற பெயரிட்டு, இரண்டு இருந்தால் என்னவென்று குழந்தைகளைக் கேட்டார். எவரிடமும் கேட்டிராத அச்சொல்லுக்கும் குழந்தைகள் பன்மை விகுதி சேர்த்தனர். இலக்கணம் மனப்பாடமன்று, விதி என்பது அதனால் புலனாயிற்று.

இச்சோதனையை மொழிபெயர்த்துத் தமிழ்க் குழந்தையிடம் நடத்தினால் பிழைபடும். ‘ரெண்டு பூனை’ என்பது தமிழில் வழுவன்று. அங்கே ‘கள்’ விகுதி கட்டாயமில்லை. தமிழுக்குரிய சோதனை வேற்றுமையில் உள்ளது. ‘மிலம்’ என ஒரு பொய்ப்பெயரைப் படைத்து, பூனை எதில் ஒளிந்தது என்று கேட்கலாம். ‘மிலத்துல’ என்னும் குழந்தை அத்துச் சாரியையை அறிந்தது. ‘மிலம்ல’ என்னும் குழந்தைக்கு உருபு கைவந்துவிட்டது. சாரியை இனி வரும். இரண்டாம் விடையும் வெறும் பிழையன்று. வளர்ச்சி நிற்கும் இடத்தைக் காட்டும் மைல்கல்.

ஒப்பிடும் தமிழ் எது என்பதும் முக்கியம். ‘வந்துச்சு’ என்னும் குழந்தையை ‘வந்தது’ என்று எழுதிய ஏட்டால் அளந்தால், தாயின் பேச்சைச் சரியாகக் கற்றதற்காக அது மதிப்பெண் இழக்கும். வீட்டிலும் தெருவிலும் அது கேட்கும் பேச்சே அதன் இலக்கண நூல்.

சராசரி ஏறத்தாழ 4ஐக் கடந்தபின் நீளத்தை எண்ணுவதால் பயன் குறையும். ‘அப்பா வாங்கின பொம்மை ஒடைஞ்சு போச்சு’ என்பது நீண்ட கூற்றன்று. எனினும் பெயரெச்சத்தால் ஒரு தொடர் இன்னொன்றுக்குள் அடங்கியுள்ளது. அந்நிலையில் எத்தனை உறுப்புகள் என்பதை விட்டு, எச்சங்கள் எவை, தொடர்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்று நோக்கல் வேண்டும்.

கோல் பிழைத்தால் தீங்கு இரு பக்கமும் நேரும். நன்கு வளரும் குழந்தை மந்தமென்று முத்திரை பெறும். உண்மையில் உதவி வேண்டும் குழந்தையோ, ‘போகப் போகப் பேசிவிடும்’ என்னும் ஆறுதலோடு ஆண்டுகளை இழக்கும். அக்குழந்தைக்குச் செவி நன்கு கேட்கிறதா என்றுகூட எவரும் பார்த்திரார். எனவே மதிப்பிடுவோர் முதலில் செய்ய வேண்டுவது திருத்துவதன்று; கேட்டதைக் கேட்டபடியே எழுதிக்கொள்வது.

ஓசையைச் செவியால் நிறுக்கும் பழக்கம் கவிஞர்களுக்கு உண்டு. தம் வீட்டு முற்றத்தில் விளையாடும் குழந்தையின் 100 கூற்றுகளை அவர்கள் மாற்றாமல் எழுதிப் பார்ப்பார்களாயின், தமிழ் மழலைக்குத் தமிழாலேயே அலகு காணும் பணிக்கு அது நல்ல தொடக்கமாகும்.