நாடகாசிரியர் இராபர்ட் போல்ட்டும் ஒரு கையொப்பமும்



எழுத்துக்கும் எழுதியவரின் வாழ்வுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினா இலக்கிய அரங்குகளில் ஓயாது எழுவது. அதனை எண்ணிப் பார்ப்பதற்கு ஆங்கில நாடகாசிரியரும் திரைக்கதை ஆசிரியருமான இராபர்ட் போல்ட்டின் வாழ்வு தக்கதொரு சான்று. அரசன் கேட்ட உறுதிமொழியைத் தர மறுத்து உயிர்துறந்த ஒருவரை மேடையேற்றிப் புகழ்பெற்றவர் அவர். மறு ஆண்டே அவர் முன்னும் ஓர் உறுதிமொழித் தாள் நீட்டப்பெற்றது. அவர் கையொப்பமிட்டார்.

போல்ட் 1924-ஆம் ஆண்டு மான்செஸ்டருக்கு அருகிலுள்ள சேல் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் சிறு கடை நடத்தியவர். இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து பின் விலகினார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே வானொலிக்கு நாடகங்கள் எழுதினார். 1957-இல் 'ஃபிளவரிங் செர்ரி' இலண்டன் மேடையில் வெற்றிபெற்றபின் ஆசிரியத் தொழிலைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

மறுத்தவரும் பிழைத்தவரும்

அவருடைய தலைசிறந்த நாடகமான 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' 1954-இல் வானொலி நாடகமாகப் பிறந்து, 1960-இல் இலண்டன் குளோப் அரங்கில் மேடையேறியது. பால் ஸ்கோஃபீல்டு தலைமைப் பாத்திரமேற்றார். எட்டாம் ஹென்றி மன்னரின் சான்சலராக விளங்கிய சர் தாமஸ் மோரின் வரலாறு அது. மன்னரின் மறுமணத்தை ஒட்டி எழுந்த உறுதிமொழியை ஏற்காத மோர் 1535-இல் தலை வெட்டப்பட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை மோரைப் புனிதராகப் போற்றுகிறது. போல்ட்டோ சமய நம்பிக்கையற்றவர். ஆதலின் அவர் படைத்த மோர் சாவைத் தேடிச் செல்லும் தியாகி அல்லர். வாழ விரும்புகிறார்; குடும்பத்தை நேசிக்கிறார்; சட்டத்தின் ஒவ்வொரு வாயிலிலும் புகுந்து தப்பிக்க முயல்கிறார்; மௌனத்தையே கவசமாக அணிகிறார். எல்லா வாயில்களும் அடைபட்ட பிறகு, இதற்குமேல் விட்டுக்கொடுத்தால் தாம் தாமாக இருக்க இயலாது என்னும் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறார்.

கவிஞர்கள் கருதத்தக்க சிறப்பு ஒன்று இந்நாடகத்தில் உண்டு. கடலும் நீரும் மனித அளவுகளுக்கு அடங்காத பேருண்மைக்கும், உலர்ந்த நிலம் சமூக ஒழுங்குக்கும் உருவகங்களாக நாடகம் முழுவதும் ஓடுகின்றன. படகு, ஆறு, அலை என்னும் சொற்கள் அன்றாடப் பேச்சினுள் கரைந்து வருவதால் அணி என்றே தோன்றுவதில்லை. பார்ப்போர் அறியாமலே அவை தம் வேலையைச் செய்கின்றன.

மோருக்கு நிகரான மற்றொரு படைப்பு 'சாமானியன்'. கட்டியங்காரனைப் போல் அவையோரிடம் நேரே பேசும் இவன், பணியாளன், படகோட்டி, சிறைக்காவலன், நடுவர் குழுவினன், தலை வெட்டும் தண்டனையாளன் என உடை மாற்றி மாற்றி வருகிறான். எவருக்கும் தீங்கு நினையாதவன். எல்லாத் தீங்குக்கும் கை கொடுப்பவன். மோர் மடிகிறார், சாமானியன் பிழைக்கிறான்.

1961

அணுகுண்டுக்கு எதிராகச் சட்டமறுப்பில் இறங்கிய 'நூற்றுவர் குழு'வில் போல்ட்டும் உறுப்பினர். 1961 செப்டம்பரில், அமைதிக்கு ஊறு செய்வதில்லை என்று பிணை எழுதித் தருமாறு நீதிமன்றம் கேட்டது. மறுத்தவர்கள் சிறை புகுந்தனர். அவர்களுள் 89 வயது மெய்யியல் அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் ஒருவர். போல்ட்டுக்கு ஒரு மாதச் சிறை விதிக்கப்பட்டது.

அப்பொழுது டேவிட் லீன் இயக்கிய 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தின் கதையுரை முடிவுறாதிருந்தது. தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் சிறைக்கு வந்து, படம் நின்றால் பலருடைய உழைப்பு வீணாகும் என்று வற்புறுத்தினார். தண்டனைக் காலம் முடியுமுன்னரே போல்ட் கையொப்பமிட்டு வெளியேறினார். அச்செயலுக்காகப் பின்னாளில் மிக வருந்தினார்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. அப்படத்தின் முந்தைய வரைவை எழுதியவர் அமெரிக்கரான மைக்கேல் வில்சன். 1951-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்கு ஒத்துழைக்க மறுத்ததனால் தொழிலிலிருந்து விலக்கப்பட்டவர். 1962-இல் படம் வெளிவந்தபோது திரையில் அவர் பெயர் இல்லை. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 1995-இல். அவர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பின். மறுத்தவர் பெயரிழந்தார்; கையொப்பமிட்டவர் பெயர் பெற்றார்.

பிற்காலம்

'டாக்டர் ஷிவாகோ' (1965), 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' (1966) ஆகிய படங்களின் திரைக்கதைகள் அவருக்கு அடுத்தடுத்து ஆஸ்கர் விருதுகளைத் தந்தன. பனி மூடிய வீட்டில், வெளியே ஓநாய்கள் ஊளையிட, ஷிவாகோ இரவில் அமர்ந்து எழுதும் காட்சி கவிஞர் எவரும் மறவாதது. தம் நாடகத்தைத் திரைக்குக் கொணர்ந்தபோது சாமானியனை நீக்கினார். திரையில் மோர் ஓங்கி நின்றார். ஆனால் அவையோரைத் தம்மைத் தாமே நோக்கச் செய்த கண்ணாடி அகன்றது.

1979-இல் பக்கவாதம் அவருடைய பேச்சையும் உடலின் ஒரு பாதியையும் தாக்கியது. ஆயினும் எழுத்து நிற்கவில்லை. 1986-இல் கான் விழாவில் தலைமைப் பரிசு பெற்ற 'தி மிஷன்' அவர் எழுதியதே. பழங்குடியினரைக் காக்க ஒரு துறவி வாளேந்துகிறார்; மற்றொருவர் வாளின்றி நடக்கிறார்; இருவரும் மடிகின்றனர். எவர் செய்தது சரி என்று போல்ட் தீர்ப்பளிக்கவில்லை. 1995 பிப்ரவரியில் மறைந்தார்.

ஒரு கையொப்பத்தைக் காட்டி அவர் நாடகத்தைப் பொய்யென்று தள்ளுவது எளிது. ஆனால் மோரைப் படைத்த அதே கை, சிறைக்கு ஓராண்டு முன்னரே, சாமானியனையும் படைத்திருந்தது. மனிதன் எந்த இடத்தில் வளைவான் என்பதை அறிந்தவரே, வளையாத ஒருவரை அத்துணை உண்மையுடன் எழுத முடிந்தது. நாடகம் எழுதியவரை விட உயர்ந்து நிற்கிறது. எட்ட முடியாத உயரத்தையும் உண்மையாக எழுதிவைப்பது எழுத்தின் கடன். அவ்வுயரத்துக்குத் தாம் எட்டவில்லை என்பதை மறவாதிருப்பது எழுதுவோரின் கடன். போல்ட் இரண்டையும் செய்தார்.