ஓட்டக்காரர், குடும்பத் தலைவர்


மில்கா சிங்கை இன்னைக்கு நினைச்சுப் பார்க்கிறோம். பிரிவினைக் கலவரத்துல பெற்றோரைப் பறிகொடுத்த பையன், 1958 கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். 1960 ரோம் ஒலிம்பிக்கில், 400 மீட்டரில், நூலிழையில் வெண்கலம் தவறியது.

மனைவி நிர்மல் கவுர், இந்திய மகளிர் வாலிபால் அணியின் முன்னாள் தலைவி. மூணு பொண்ணு, ஒரு பையன். கார்கில் போரில் உயிர்விட்ட ஒரு வீரரின் மகனையும் தத்தெடுத்து வளர்த்தாங்க. அநாதையா நின்ன வலி அவருக்குத் தெரியுமே!

2021 ஜூன் 13 அன்று கொரோனா நிர்மலைக் கொண்டுபோனது. ஐந்தாம் நாள் மில்காவையும்.

அந்த அலையில் கணவரை இழந்தவங்க நம்ம குழுக்களிலும் இருக்காங்க. அவங்க பிள்ளைகளோட படிப்பு நின்னுடாம பார்த்துக்குவோம். அதுவே அவருக்கு அஞ்சலி.