தஞ்சையில் கண்ட மராத்தி



சென்ற கோடையில் யாம் எம் துணைவியாருடன் இரண்டு நாள் தஞ்சையைச் சுற்றிப் பார்த்தோம். 1010-இல் இராசராசன் கட்டி முடித்த பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து நோக்கி வியந்தோம். அக்கோயிற் சுவரிலேயே, இரண்டாம் சரபோஜி மன்னர் 1803-இல் பொறித்த போன்சலே குல வரலாற்றையும் கண்டோம். நெடிய அக்கல்வெட்டு மராத்தி மொழியிலானது! உல்லாஸ்நகர்க் கடைப்பலகைகளில் பழகிய எழுத்தறிவால் துணைவியார் சில சொற்களைக் கூட்டிப் படித்தார்.

அம்மன்னர் வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் மராத்தி ஏடுகளோடு தமிழ்ச் சுவடிகளும் பேணப்படுகின்றன. குடிபுகுந்த நாட்டின் மொழியையும் போற்றினர், தாய்மொழியையும் கைவிட்டாரில்லை.

"அவர்கள் தம் மொழியைக் கல்லில் வைத்தார்கள், நம் பிள்ளைகளுக்கு நாம் தமிழை ஏட்டிலாவது வைத்தோமா?" என்றார் துணைவியார். அவ்வினாவை இம்மன்றத்தின்முன் வைத்து அமைகின்றோம்.