முகமூடியும் மனமாற்றமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1977-ஆம் ஆண்டில் ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தையும், 2015-ஆம் ஆண்டில் ஜே. ஜே. ஆப்ராம்ஸ் இயக்கிய ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தையும் அடுத்தடுத்துக் காண்போர், பழைய கதைக்கே புதிய வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று குறை கூறுவதுண்டு. அக்குறை எவ்வளவு பொருந்தும் என்பதை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

ஒற்றுமைகள் பல என்பதில் ஐயமில்லை. அங்கே டாட்டூயின் என்னும் பாலை உலகம். இங்கே ஜாக்கு என்னும் பாலை உலகம். அங்கே உறவினர் வீட்டில் வளரும் லூக். இங்கே சிதைந்த விண்கலங்களின் உதிரிகளைப் பொறுக்கி விற்று வாழும் ரே என்னும் நங்கை. பகைவர் கோட்டையின் வரைபடத்தைத் தன்னுள் மறைத்து வருவது அங்கே ஓர் இயந்திரம். லூக் மறைந்து வாழும் இடத்தைக் காட்டும் படத்தின் ஒரு பகுதியைச் சுமந்து வருவது இங்கே மற்றோர் இயந்திரம். உலகங்களைத் தகர்க்கும் பெருங்கருவி இரு படங்களிலும் உண்டு. இரண்டும் சிறு போர்க்கலங்களின் தாக்குதலால் அழிகின்றன. இசையமைத்தவரும் ஜான் வில்லியம்ஸ் ஒருவரே.

இவ்வளவோடு நின்றிருந்தால் புதிய படம் வெறும் நகலே. ஆயினும், ஒரு காட்சி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

1980-ஆம் ஆண்டுப் படத்தில், கருமுகமூடி அணிந்த டார்த் வேடர் பாதாளத்தின் விளிம்பில் நின்று, தானே தந்தை என லூக்கிடம் கூறித் தன் பக்கம் வருமாறு அழைக்கிறான். மகன் மறுத்துப் பாதாளத்தில் குதிக்கிறான். 1983-ஆம் ஆண்டுப் படத்தில் அம்மகனின் அன்பே தந்தையைத் திருத்துகிறது. மகனைக் காக்க உயிரையே கொடுக்கும் வேடர், இறுதி மூச்சில் முகமூடியைக் கழற்றச் சொல்லி மகன் முகத்தைத் தன் கண்ணாலேயே காண்கிறான்.

2015-ஆம் ஆண்டுப் படத்திலும் பாதாளத்தின் மேல் ஓர் ஒடுங்கிய பாலம். அதில் தந்தையும் மகனும். இங்கே அழைப்பவன் நல்லவனான தந்தை ஹான் சோலோ. முகமூடியைக் கழற்றும் மகன் கைலோ ரென், அத்தந்தையையே கொன்றுவிடுகிறான்.

இந்தக் கைலோ ரென் யார்? வேடரின் பேரன். பாட்டனின் எரிந்த தலைக்கவசத்தைப் பேணி வைத்து, அதன்முன் வாக்களிப்பவன். பாட்டன் கழற்றி எறிந்ததைப் பேரன் பூசிக்கிறான். பாட்டன் கடைசியில் அடைந்த மனமாற்றத்தை அவன் பெறவில்லை. குடும்பத்தின் ஒளிவாளும் தனதென்றே உரிமை கோருகிறான். வாளோ அவனைக் கடந்து ரேயின் கையை அடைகிறது!

பழையதைத் திரும்பச் செய்யும் படமே, திரும்பச் செய்வதன் ஆபத்தையும் காட்டிவிடுகிறது. இதுவே நாம் கண்ட பொருள்.

தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஆண்டுதோறும் குத்துவிளக்கு ஏற்றுகிறோம். பிள்ளைகளைக் குறள் ஒப்பிக்கச் செய்து பரிசளிக்கிறோம். அவை வேண்டியவையே. ஆனால், ஒப்பித்த பிள்ளை வீட்டுக்கு வந்து அதன் பொருளைக் கேட்கும்போது, அருகில் அமர்ந்து சொல்ல நமக்கு நேரம் வேண்டும். பொருளின்றி நாம் கொடுத்துச் செல்வது எரிந்த கவசமே. பொருளோடு கொடுத்தால், உரிய கை அதனைத் தானே ஏந்திக்கொள்ளும்.