தனியே சொன்ன சொல்

பூம்புகார் நம் காரைக்காலுக்குச் சற்று வடக்கே உள்ள ஊர். ஆகையால் கோவலன் கதையை நம் பக்கத்தாருக்கு எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. அக்கதையில் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது, பொற்கொல்லன் பாண்டியனைச் சந்தித்த இடத்தை. மன்னன் அப்போது அரியணையில் இல்லை. ஊடல் கொண்ட தேவியின் அரண்மனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். வழியிலேயே வழக்கு முடிந்துவிட்டது. முறையிட்டவனே திருடன் என்பதை ஆராயவோ, குற்றம் சாட்டப்பட்டவன் வாய் திறக்கவோ அங்கே இடமில்லை.

இதற்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் நகைக்கலாம். நம் வீட்டு விளக்குக்கும், மீன்பிடித் துறைக்கு ஐஸ் தரும் தொழிற்சாலைக்கும் கட்டணம் விதிப்பது புதுச்சேரி மின்துறை அன்று. மின்துறை மனுச் செய்கிறது; தீர்மானிப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2005-இல் யூனியன் பிரதேசங்களுக்காகப் பிறந்து, 2008-இல் கோவாவையும் சேர்த்துக்கொண்ட இவ்வாணையத்தின் அலுவலகம் ஹரியானாவிலுள்ள குருகிராமத்தில் இருக்கிறது.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவின்படி, மனு வந்த 120 நாட்களுக்குள், பொதுமக்களின் ஆட்சேபங்களை ஆராய்ந்த பின்னரே ஆணை பிறக்க வேண்டும். உறுப்பினரிடையே பெரும்பான்மை வாக்கே முடிவு. ஆணையம் ஒளிவுமறைவின்றி நடந்துகொள்ள வேண்டும் என்கிறது 86-ஆவது பிரிவு. அதற்கு முந்திய சட்டத்தின் கீழ் எழுந்த மேற்கு வங்காள வழக்கொன்றில், நுகர்வோருக்குத் தம் கட்சியைச் சொல்லும் உரிமை உண்டென்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் சொல்லும் உரிமை மட்டும் போதுமா? எதிர்க்கட்சி என்ன சொல்லிற்று என்று தெரியாமல் எதற்குப் பதில் சொல்வது? கணக்குகளைச் சரிபார்க்க ஆணையம் மனுதாரரை அழைத்து அமர்வு நடத்துவதுண்டு. அது அவசியமே; ஆணையிலும் அச்செய்தி குறிக்கப்படுகிறது. என் கவலை அதைப் பற்றியதன்று. விசாரணை முடிந்து, வாக்களிப்புக்கு முன்னே கிடக்கும் அந்த இடைக்காலத்தைப் பற்றியது. ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு விருந்து, ரயிலில் தற்செயலான சந்திப்பு எதுவும் போதும். நம் ஆணையத்தில் அப்படி நிகழ்ந்தது என்று நான் கூறவில்லை. நிகழ்ந்தால் நமக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்கிறேன். அதிலும் இங்கே மனுதாரர் அரசாங்கத் துறை. அதிகாரியை அதிகாரி சந்திப்பது அன்றாட வழக்கம். அதனை எவரும் விசேஷமாகக் கவனிப்பதில்லை.

அமெரிக்கர்கள் 1976-இல் இயற்றிய சட்டமொன்று இதில் சாமர்த்தியமானது. விசாரணையிலுள்ள விஷயம் குறித்துத் தனியே பேசுவதை அது தடுக்கிறது. தடையை மீறிப் பேச்சு நடந்துவிட்டாலோ, வந்த கடிதத்தையும் வாய்மொழியின் சாரத்தையும் பகிரங்கப் பதிவில் வைத்தாக வேண்டும். வேண்டுமென்றே பேசிய கட்சிக்காரரின் கோரிக்கையை ஏன் தள்ளக்கூடாது என்று அவரையே கேட்கலாம். மனிதர் பேசாதிருக்கமாட்டார் என்பதை அறிந்தவர் எழுதிய விதி அது!

நானும் அவ்வளவையே கேட்கிறேன். திருமலைராயன்பட்டினத்து ஐஸ் தொழிற்சாலைக்காரர் ஒருவர், விசாரணை புதுச்சேரியில் நடந்தால், சுமார் 130 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்த் தம் ஆட்சேபத்தைச் சொல்லித் திரும்புகிறார். மறுவாரம் குருகிராமத்தில் வேறொருவர் தனியே ஏதேனும் சொல்லியிருந்தால், அதன் நகல் அவர் கைக்கு வரவேண்டும். பதில் எழுத ஒரு வாரத் தவணையும் வேண்டும்.