சேற்றில் இருக்கும் காசு

கென்யாவின் தெற்குக் கடற்கரையில் காஸி, மகோங்கேனி என்று இரண்டு ஊர்கள். பக்கத்திலேயே அலையாத்திக் காடு. வீட்டுக்குக் கம்பு, அடுப்புக்கு விறகு என்று காலங்காலமாக வெட்டுப்பட்ட காடு. 2013இல் தொடங்கிய 'மிகோகோ பமோஜா' திட்டத்தில், அதை வெட்டாமல் காத்துக் காசு பார்க்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

எப்படி? காற்றில் கலக்காமல் காடு தடுக்கும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு கார்பன் கிரெடிட். தாங்கள் விடும் புகைக்கு ஈடுகட்ட விரும்பும் நிறுவனங்களும் தனிமனிதர்களும் அதை வாங்குகிறார்கள். சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. காப்பது 117 ஹெக்டேர்தான். கணக்கில் வருவதோ ஆண்டுக்குச் சுமார் 3,000 டன். அலையாத்திக் காட்டில் கார்பனின் பெரும்பகுதி மரத்தில் இல்லை, அடியில் உள்ள சேற்றில்! காற்றுப் புகாத சேறு, எதுவும் சீக்கிரம் மட்காது.

வந்த பணம் குடிநீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. எனக்குப் பிடித்தது வேறு. 'வெட்டாதே' என்று சொன்னதோடு விடாமல், விறகுக்குச் சவுக்குத் தோப்பும் போட்டார்கள். இப்போது தான்சானியா எல்லையோரத்து வங்காவிலும் இதே போலக் காடு காக்கும் வேலை நடக்கிறது, 460 ஹெக்டேரில்.