சக்கரத்துக்கு ஒரு கட்டை

கொச்சி வல்லார்பாடத்தில் 2011 பிப்ரவரியில் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். அங்கே போகும் சாலைக்கே கன்டெய்னர் ரோடு என்றுதான் பெயர். ஓரமாக நிற்கும் டிரெய்லர்களில் இரவில் பைக்குகள் மோதுவது அங்கே பழைய புகார்.

நிறுத்திய வண்டி தானாக நகர்ந்தாலும் ஆபத்துதான். லாரியில் பார்க்கிங் பிரேக் குமிழை இழுத்ததும் 'புஸ்'ஸென்று காற்று வெளியேறும். ஸ்பிரிங் பிரேக்கை இறுக்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால், தனியே கழற்றிவிட்ட பழைய டிரெய்லர் சிலவற்றில் காற்று மட்டுமே பிரேக். கசிந்தால் பிடி தளரும். அதற்குத்தான் சக்கரத்துக்குக் கட்டை. சிலர் கல்லை வைப்பார்கள். கிளம்பும்போது நடுச்சாலையிலேயே விட்டும் போவார்கள். பின்னால் வருபவர் பாடு!

நிறுத்துவது வயல் டிராக்டரென்றால் கலப்பையையும் தரையில் இறக்கிவிட வேண்டும்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கினால் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், பிரேக் போட்டிருக்க வேண்டும். ஒரு டீக்குத்தானே என்று எஞ்சினை ஓடவிட்டு இறங்குபவருக்கும் சேர்த்துத்தான்.